ஓரத்தில் ஒரு கை

விளையாட்டு அலுவலகத்துக்குப் போகும் நடையில்
கழிவறைக் கதவுக்கும் தீயணைப்பானுக்கும் நடுவே
என்னை மாட்டி வைத்திருக்கிறார்கள்.
பத்தொன்பது வயது. எண் பதினொன்று.
மட்டை தோளுக்கு மேல், பல்லெல்லாம் வெளியே,
பந்து ஒரு வெள்ளைக் கீற்று.
ஜெகதாம்பிகை என்பதில் ஓர் எழுத்தைக் காணோம்.
திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன்.
ஆணியை மட்டும் மாற்றினார்கள்.

நான் படித்த இந்தக் கல்லூரியில்
என்னைக் கடக்காமல் திடலுக்குப் போக
வேறு வழியில்லை.

குளுகோர். மாலை ஐந்தரை.
மழை இப்போதுதான் பாலத்தைத் தாண்டி
பிறைப் பக்கம் போயிருக்கிறது.
செயற்கைப் புல்லில் தண்ணீர் நிற்க, அதை உதைத்துக்கொண்டு
கூச்சிங்கிலிருந்து வந்த டயாங்,
தைப்பிங் ஹர்லீன்,
காலுறையை முழங்கால்வரை இழுத்துவிடும் சூ யின்,
சுங்கை பாக்காப்பிலிருந்து
இரண்டு பஸ் மாறி வரும் யுகனேஸ்வரி.
பகலெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில்
நசுங்கிய கார்களின் கோப்பு எனக்கு.
இங்கே மணிக்கு நாற்பது வெள்ளி,
படிவம் மூன்று பிரதி.
ஊதல் என் கழுத்தில்தான் தொங்குகிறது.
இருந்தும் நான் ஊதும்போது
முதலில் துள்ளுவது என் கெண்டைக்கால்.

யுகனேஸ்வரி வலது ஓரத்தில் பந்தை எடுத்தால்
மூன்று பேரைத் தாண்டிவிடுவாள்.
நான்காவது ஆளையும் தாண்டலாம் என்று
அவள் நம்புகிறாள்;
நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.
நடுவில் டயாங் மட்டையால் தரையைத் தட்டுகிறாள்
டக் டக் டக்
சினி லா, சினி!
கேட்காத காது அது.
எனக்குத் தெரியும் அந்தக் காதை.

சனிக்கிழமை ஈப்போவில் ஆட்டம்.
பதினெட்டுப் பெயர் கொடுக்க வேண்டும்.
பேனாவைத் திறந்து, மூடி, திறந்து,
தே ஓ ஐஸ் கரைந்து வெறும் தண்ணீராகும்வரை
பதினேழு எழுதினேன்.
பதினெட்டாவதாக
அவள் பெயரை எழுதவில்லை.

“நான் நல்லாத்தானே விளையாடுறேன், கோச்?”
ஆமாம்.
“அப்புறம் ஏன்?”
பந்தைக் கொடுக்க மாட்டேங்குற.
“அந்தப் படத்துல நீங்களும் குடுக்கலையே.
கோல் போட்டீங்க.”

இருபத்திரண்டு வருஷமாக
எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டுதான்
கழிவறைக்குப் போகிறார்கள்.
நானும் யாரையும் நிறுத்தியதில்லை.

அவளை நடைக்குக் கூட்டிப் போனேன்.
குழல் விளக்கு இரண்டு முறை கண்ணடித்து எரிந்தது.
இங்கே பார், இடது ஓரம்.
சட்டகம் மணிக்கட்டோடு வெட்டிய ஒரு கை,
உயர்த்திய கை,
அதில் பச்சை ரப்பர் வளையம்.

“யாரு?”

ஃபௌசியா.
கீப்பர் என் பக்கம் சாய்ந்துவிட்டாள்.
இவளுக்கு முன்னே கோல் காலியாகக் கிடந்தது.
நான் அடித்தேன்.
புகைப்படக்காரர் அரை நொடி முந்திவிட்டார்.
பிந்தியிருந்தால்
கம்பத்தில் பட்ட பந்து
திரும்பி வருவது தெரிந்திருக்கும்.

அலோர் ஸ்டாரில் பல் மருத்துவராக இருக்கிறாள்,
பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து அனுப்புவோம்,
கையைப் பற்றி மட்டும் பேசியதில்லை
என்பதையெல்லாம் சொல்லவில்லை.

யுகனேஸ்வரி கண்ணாடிக்கு மிக அருகே போய்
நெடுநேரம் பார்த்தாள்.
“உங்க பேர்ல ஒரு எழுத்து இல்ல, கோச்”
என்றாள். பையை மாட்டிக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை.
பெயர்ப் பட்டியல் மாறவில்லை. வருவாளோ என்றிருந்தேன்.
வந்தாள்.
வலது ஓரம், ஒருத்தி, இரண்டாமவள்,
டக் டக் டக்,
கொடுத்தாள்.
கண்றாவியான பாஸ்.
டயாங்குக்கு இரண்டடி பின்னால் போய்
யாருக்கும் சொந்தமில்லாமல் உருண்டது.
டயாங் ஏதோ சரவாக் மொழியில் திட்டினாள்.
பந்து கோட்டைத் தாண்டி, வேலியோரத் தண்ணீரில் விழுந்து,
மிதக்கத் தொடங்கிய பிறகும்
நான் ஊதவில்லை.