நிரை

பாடாங் செராய்ச் சந்தைக்குப் பின்னால்
கண்ணையா ஒட்டுக்கடை.
மடிக்கணினி என்னுடையது,
இடைவெளி விசையை மட்டும்
குத்திக் குத்தித் தட்ட வேண்டும்.
கையுறை ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்து
நேராக வந்திருக்கிறேன்,
நகக்கண்ணில் இன்னும் வெள்ளை மாவு.

மாவட்ட அலுவலகத்துக்கு மனு.
முதலில் தமிழில் பேசித் தீர்ப்போம்,
மலாய்க்கு மாற்றுவது அப்புறம் என்று முடிவு.

தீரவில்லை.

அறுபத்திரண்டிலிருந்து தொடங்கு என்கிறார் சுப்புராயன்,
அவர் அப்பா வெட்டிய கித்தா மரத்திலிருந்து.
நஷ்டத்தை முதலில் போடு என்கிறார் அஞ்சலையக்கா,
பிரிட்ஜ், மெத்தை, ரெண்டு மூட்டை அரிசி.
படத்தைப் போட்டால் போதும், யார் படிக்கிறார்கள்?
இது யோகேஸ்.
எல்லாத்தையும் போடும்மா என்றார் ராமுலு,
ரொட்டியைக் குழம்பில் முக்கியபடி.

எல்லாவற்றையும் போட்டேன்.
ஐந்து பக்கம்.
உரக்க வாசித்தேன். தேநீரில் ஆடை படிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் சுப்புராயன்.
"ஆனா நமக்கு என்ன வேணும்னு
எங்கயும் வரலையே?"

வந்திருந்தது.
நாலாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள்,
மெத்தைக்கும் செத்த கோழிகளுக்கும் நடுவே
நெருக்கிக்கொண்டு:
புதுச் சாலைக்கு அடியில் போட்ட குழாய் சின்னது.
அதை மாற்றித் தர வேண்டும்.

அந்த ஒன்றைத் தூக்கி மேலே வைத்தேன்.
மற்றவை தாமாக நகர்ந்தன.
பிரட்டில் பெயர் கூப்பிட்டு நிறுத்துவார்களே, அப்படியில்லை;
பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி ஏறியதும்
யாரும் சொல்லாமலே
ஆளுக்குக் கொஞ்சம் ஒதுங்குவது போல.

அடுத்து எது என்று
தண்ணீரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.
அது வரிசை தப்பவில்லை.
செம்பனைக் காட்டு மழை, சாலை, குழாய், வாய்க்கால்,
பள்ளத்தில் இருக்கும் அஞ்சலையக்கா கொல்லை,
அப்புறம் ராமுலு, அப்புறம் நாங்கள்.
பத்திக்கு ஒரு வீடு.
இந்த வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீரில்தான்
அடுத்த வீட்டின் முதல் சொல் நனைய வேண்டும்.

யோகேஸ் தன் பங்குக்கு
வரிக்கு வரி 'ஆகவே' போட்டிருந்தான்.
பதினொன்றை எடுத்தேன்.
உண்மையிலேயே ஒன்றினால் இன்னொன்று நடந்த இடம்
இரண்டுதான்.

"அப்பாவை எடுத்துட்டியா?"

எடுத்துவிட்டேன், அண்ணே.
பொய் என்று எடுக்கவில்லை.
குழாய்க்கு அவரைத் தெரியாது.

அவர் பதில் சொல்லவில்லை.
ஏற்கெனவே கரைந்த சீனியை
வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தார்.
கையெழுத்தைப் போட்டபோது
அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும்
கட்டத்துக்கு வெளியே வரும்படி பெரிதாகப் போட்டார்.

ஒன்றரைப் பக்கம். நாற்பத்தேழு கையெழுத்து.

வெட்டியதையெல்லாம் வேறொரு கோப்பில்
போட்டு வைத்திருக்கிறேன், அதற்குப் பெயர் வைக்கவில்லை:
அந்த அப்பாவின் நிரையில் முந்நூற்றெண்பது மரம்,
அவர் ஒருநாளும் எண்ணியதில்லை.
தண்ணீர் மெத்தையைத் தொட்டபோது
அஞ்சலையக்கா முதலில் தூக்கியது டிவி ரிமோட்,
ஏனென்று அவருக்கே தெரியவில்லை.
ராமுலுவின் சேவல் கூரைத் தகரத்தில் ஏறி
விடியாத நேரத்தில் கூவிற்று,
நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்தோம்.

இவற்றுக்கு எது முதல், எது பின் என்று
இன்னும் பிடிபடவில்லை.
சேவலை மேலே வைத்துப் பார்த்தேன்.
கீழே வைத்துப் பார்த்தேன்.

மணி பத்தாகிறது, தூங்க வேண்டும்.
மனு திங்கட்கிழமை போகிறது.
இது போகாது.