ஒன்றரை மீட்டர்

ஞாயிறு. ஆலையில் யாருமில்லை.
சிப்பி அவிக்கும் தொட்டிகள் கழுவிக் கவிழ்த்தபடி.
வெளியே அரோசா கழிமுகம்;
சிப்பித் தெப்பங்கள் பனிக்குள் இருக்கின்றன என்று
நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு டப்பாகூட நகராத நாளில்
மின்மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
நாற்பத்தொரு கிலோவாட்.
யாருக்காக? என்றேன்.
காவலர் எலாதியோ தோளைக் குலுக்கினார்:
"அது எப்போதும் அப்படித்தான்."

நான் காதால் வேலை செய்கிறவள்.
இயந்திரங்கள் பேசி ஓய்ந்த பிறகுதான்
காற்றுக் குழாயின் முணுமுணுப்பு கேட்கும்.
மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவிப் போனேன்.
பதினேழு இடத்தில் கொப்புளம்.
பதினெட்டாவது, லேபிள் ஒட்டும் இயந்திரத்தின் அடியில்.
யாரோ எப்போதோ துணி சுற்றி
அதன் வாயைப் பொத்தியிருந்தார்கள்.
பொத்திய வாயும் காசு தின்னும்.

கொதிகலன் மட்டும்
திங்கட்கிழமைக்காகக் கண்விழித்திருந்தது.
கூரைமேல் நீராவிப் பொறி ஒன்று
திறந்த வாக்கிலேயே இறுகிப்போயிருந்தது.
எத்தனை வருடமாக?
"மூடுபனி என்றல்லவா நினைத்தோம்" என்றார் எலாதியோ.
இந்த ஊரில் அப்படி நினைத்தால் தப்பில்லை.
கடற்காகங்களுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது:
கூரை முழுக்க அந்த ஒரு தகரத்தில்தான் எச்சம்.

பிறகு அந்தக் குழாய்.
கொதிகலனுக்கு வெந்நீர் திரும்பும் வழி,
நாற்பது மீட்டர், மேலே ஒரு பொட்டுப் போர்வையில்லை.
மீட்டருக்கு நூற்றைம்பது வாட், சும்மா சுவருக்கு.
குறித்துக்கொண்டே நடந்தேன்;
உரிக்கும் கூடத்தின் ஓரம் வந்ததும் பேனா நின்றது.

கையுறைகள்.
விரல் கீழே தொங்க, வரிசையாக.
மணிக்கட்டில் மையால் பெயர்:
சபேலா, தோரிந்தா, மருஷா.
ஒன்றில் மோதிர விரலை வெட்டி
முடிச்சுப் போட்டிருந்தது.

திங்கள் காலை தோரிந்தாவைப் பார்த்தேன்.
இடது கையில் நான்கு விரல்.
இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும்
காப்பிக்குப் போகவில்லை, குழாய்க்குப் போனார்கள்.
"உப்புத் தண்ணீரில் கை மரத்துப்போனால்
கத்திக்குச் சிப்பி எது, விரல் எது என்று தெரியாது"
என்றாள், எனக்கல்ல, குழாய்க்குச் சொல்வதுபோல.

புதன்கிழமை பாறைக்கம்பளி வந்து இறங்கியது.
சுற்றினார்கள், மேலே தகரம் போர்த்தினார்கள்.
பதினான்கு மாதத்தில் போட்ட காசு திரும்பும்;
கணக்கு என்னுடையது, சரியான கணக்கு.
உரிக்கும் கூடம் வந்ததும்
இங்கே நிறுத்துங்கள் என்றேன்.
அங்கிருந்து தூண் வரைக்கும் வேண்டாம்.

நீளத்துக்கும் மீட்டர், செலவுக்கும் மீட்டர்.
ஒன்றரை. இருநூற்றிருபத்தைந்து வாட்.
அறிக்கையில் எழுதினேன்:
"வால்வு உள்ள பகுதி. மூட இயலாது."

இப்போது ஞாயிறுகளில் ஒன்பது கிலோவாட்தான்.
கடற்காகங்கள் மீன் சந்தைக் கூரைக்குப் போய்விட்டனவாம்,
எலாதியோ எழுதியிருக்கிறார், கொஞ்சம் குறையோடு.

என்றாவது வேறொருவர் வருவார்,
என் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு
அந்த இடத்தில் வால்வைத் தேடுவார்.
தேடட்டும்.
ஜனவரியில் வந்து தேடட்டும்.