ரெண்டு வாளி

ஆண்டவரே, விடியற்காலை ஐந்து மணிக்குப் பீலியில்
தண்ணீர் ஊசியாய் விழுகிறது.
எதிர்மலை இன்னும் கண் திறக்கவில்லை.
ஒரு வாளி எனக்கு.
இன்னொன்று ஏழாம் காம்பராவுக்கு.

ஏழாம் காம்பரா ராக்கப்பனை உமக்குத் தெரியும்.
மேற்கணக்கில் தராசு பிடித்த கங்காணி.
கொழுந்து மூட்டையைத் தூக்கி மாட்டி
முள் ஓய்வதற்கு முன்னமே எண்ணைச் சொல்லும் ஆள்.
நான் பத்தொன்பது கிலோ எடுத்த ஒரு நாள்
பதினைந்து என்று எழுதி
அரைப்பேர் போட்டவர்.
அன்றைக்கு என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல்.
பால்மாவுக்கென்று மனதில் ஒதுக்கிய காசு அது.
நான் மறக்கவில்லை.
மறந்துவிட்டதாக உம்மிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

சீனி வியாதி அவருடைய இடது காலை
முழங்காலோடு வாங்கிக்கொண்டது.
மகன் கொழும்பில் ஏதோ ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான்,
மாதம் ஒரு கோல் எடுப்பான்.
பக்கத்துக் காம்பரா நான்.
நீர் வேறு யாரையும் பக்கத்தில் வைக்கவில்லை.

அன்பென்றால் வாசனைத் தைலம் போலிருக்கும்
என்று நினைத்திருந்தேன்.
இது டெட்டோல், மூத்திரம்.
சட்டியைக் கானில் கொட்டி
சாம்பல் போட்டுத் தேய்த்து,
மூச்சை அடக்கிக்கொண்டு புண்கட்டை மாற்றுகிறேன்.
சீழ் வைத்திருந்தால் டிஸ்பென்சரி ஐயாவிடம் சொல்ல வேண்டும்.
ஜெபம் எதுவும் வருவதில்லை அந்நேரம்.
பிரட்டுக்கு நேரமாகிறதே என்பதுதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரி.
தகரக்கூரைச் சபையில் கீபோர்ட் தொடங்கினால்
கையிரண்டும் தாமாக எழும்.
உம்மை நேசிக்கிறேன் என்று
தொண்டை கிழியச் சொல்வேன். அதுவும் பொய்யில்லை.
ஆனால் சுலபம்.

ஆகஸ்டில் ஹட்டனில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம்.
போதகர் வேன் பிடித்தார்.
ராக்கப்பனுக்கு ஒரு குடம் நிரப்பி வைத்தேன்,
எட்டாம் காம்பராப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னேன்,
போனேன்.
அழுதேன். பாடினேன். குரல் முழுக்கப் போய்
வெறுங்காற்றோடு திரும்பினேன்.

குடம் காலி.
எட்டாம் காம்பராப் பெண் நோர்வூட்டில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள்.
அவர் இஸ்தோப்பு வரை தவழ்ந்து வந்து
தகரத்தில் வடிகிற மழைக்கு
ஒரு ஜாம் போத்தலை வைத்திருந்தார்.
அடியில் கொஞ்சம் துரு, ஒரு கொசுப்புழு.
உள்ளங்கைகள் உரிந்திருந்தன.

திட்டவில்லை.
"ரொம்பப் பாடினியா சலோமி?" என்றார்.
"இங்க ஒன்னும் கேக்கல புள்ள."

பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை.
வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கு நடந்தேன்.
அந்த இருட்டில் எனக்குக் கோபம் வந்தது,
அவர் மேலும் உம் மேலும்.
வாளி நிறைவதற்குள் அது என் மேலும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
சுவரைப் பார்த்தபடி சொன்னார்:
"அந்தப் பத்தொம்பது கிலோ
எனக்கும் ஞாபகம் இருக்கு."
நான் கட்டை முடிந்துகொண்டிருந்தேன்.
என் கை இறுக்கிவிட்டது. வேண்டுமென்றேதான்.
அவர் பல்லைக் கடித்தார், சத்தம் போடவில்லை.
மழை தகரத்தில் கொஞ்ச நேரம் பேசியது.
முடிச்சை அவிழ்த்தேன்.
இரண்டு விரல் நுழைகிற மாதிரி,
டிஸ்பென்சரியில் காட்டித் தந்தபடி,
திரும்பக் கட்டினேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேளாதேயும்.
முடிச்சைப் பாரும்.

வாளியின் பிடி அறுந்து கம்பி கையை அறுக்கிறது,
பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருக்கிறேன்.
பிரட்டு ஆறரைக்கு.
இன்றைக்கு அவருக்கு ரொட்டி கொஞ்சம் கருகிவிட்டது,
சம்பலை அதிகமாக வைத்துவிட்டுப் போகிறேன்.