மூன்று மில்லிமீற்றர்

செட்டியார் தெருவில் நான் நிற்பது
மூக்குத்தித் தட்டுக்குப் பின்னால்.
வருகிறவர்கள் முக்காலியில் உட்காருவார்கள்.
அதுதான் வினை.
நிற்கிறவர்களுக்கு என் முகம் தெரியும்,
உட்கார்ந்தவர்களுக்கு
இரண்டு துளைகள்.

பேச்சு நடுவில் கண் ஒருதரம் மேலே ஏறும்.
திறந்து கிடந்த குளியலறையைப் பார்த்துவிட்டதுபோல்
சட்டென்று தட்டுக்கு இறங்கும்.
"இந்த எட்டுக்கல்லு என்ன விலை?"
மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு
விலை சொல்வேன்.
சொல்லிச் சொல்லி
என் பகரமும் மகரமும் தட்டையாகிவிட்டன.

நான்கு வருடம் முந்தி
சீட்டுக்காசில் செய்த மூக்கு இது.
அதற்கு முன் இருந்தது நுனி தொங்கல்,
சிரித்தால் உதட்டைத் தொடும்.
மூக்கும் முழியுமாய் இருக்கிறாய் என்று
எவரும் என்னைச் சொன்னதில்லை.
கொஞ்சம் தூக்கினால் போதும் என்றேன்.
வெட்டியவர் தாராள மனசுக்காரர்.

கட்டவிழ்த்த அன்று அழகாய்த்தான் இருந்தது.
வீக்கம் வற்ற வற்ற
நுனி ஏறத் தொடங்கியது,
கயிற்றில் வெசாக் கூடு ஏற்றுகிறமாதிரி,
மாதத்துக்குக் கொஞ்சம்.
யாரும் கயிற்றை இழுத்துக் கட்டவில்லை.

"மழைக்க வெளிக்கிடாத, தண்ணி உள்ளுக்குப் போயிடும்"
என்றான் தம்பி கபிலன்.
நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.
காலி வீதியில் இன்றைக்கும்
குடையை முன்னால் சாய்த்தே பிடிக்கிறேன்.

நாரஹேன்பிட்டியில் டொக்டர் சல்தீன்
பழைய படம் கேட்டார்.
இல்லை.
அல்பத்தில் வெட்டி, போனில் அழித்து,
மாமி வீட்டுச் சுவரில் இருந்ததையும்
கெஞ்சி வாங்கிக் கிழித்தாயிற்று.
மிச்சம் அடையாள அட்டை ஒன்றுதான்.
பதினாறு வயது, எண்ணெய் வழிய,
பெருவிரல் நகமளவு முகம்.
அதன்மேல் பிளாஸ்டிக் அடிமட்டத்தை வைத்து
வெகுநேரம் பார்த்தார்.
அந்த மூக்கை அவ்வளவு கவனமாய்ப் பார்த்த முதல் ஆள்.

"இதைத் திருப்பித் தர ஏலாது, யசோதினி.
உள்ளே முழுக்கத் தழும்பு.
விலாவில குருத்தெலும்பு எடுத்து
முட்டுக் குடுத்து இறக்கலாம்.
மூன்று மில்லிமீற்றர்.
தோல் விட்டுக்குடுத்தா நாலு."

மூன்று மில்லிமீற்றர் எனக்குத் தெரியும்.
ஒற்றைக்கல் மூக்குத்தியின் கல்.
கீழே விழுந்தால்
கடையைப் பூட்டிவிட்டு நான்கு பேர்
முழங்காலில் தேடுவோம்.

ஊசி போட்ட தாதி சிங்களத்தில் எண்ணச் சொன்னாள்.
எக்காய், தெக்காய்.
அதற்குமேல் எந்தப் பாஷையும் இல்லை.

மூக்கு நோகவில்லை. விலா நொந்தது.
இருமினால், திரும்பினால், முக்கியமாய்ச் சிரித்தால்.
கபிலன் பகிடி விடாமல் இருந்த
பன்னிரண்டு நாள் அது.
வெள்ளவத்தை அறையில் உட்கார்ந்தபடி தூங்கினேன்.
கடலோர ரயில் ஒவ்வொன்றும்
வாயால் மூச்சு விடும் என்னைக் குலுக்கிவிட்டுப் போனது.

உள்ளே வைத்ததை உருவியபோது
முதலில் வந்தது இரத்த வாடை,
பிறகு டொக்டரின் கையுறை ரப்பர்,
பிறகு எங்கிருந்தோ கன்டீன் மாசிச் சம்பல்.
அழுதுவிட்டேன்.
நோகுதா என்றார்.
பசிக்குது என்றேன்.

பழைய மூக்கு வரவில்லை.
இது மூன்றாவது ஆள்.
இடப்பக்கம் கொஞ்சம் தடிப்பு,
ஒரு வருடம் பொறுக்கவேண்டுமாம்.
எனக்குக் குத்தியிருந்த துளை
முதல் வெட்டில் மேலே போனது,
இந்த வெட்டில் தூர்ந்துவிட்டது.
விரல் வைத்தால்
கடுகளவு பள்ளம் இருக்கிறது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.
தெமட்டகொடையிலிருந்து ஒரு பெண்,
கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கிறதாம்,
முக்காலியில் உட்கார்ந்தாள்.
கண்ணாடியை அவளுக்குக் காட்டிக்கொண்டு
உதட்டை இழுத்தேன், பழக்கத்தில்.
அவள் கண் மேலே ஏறியது.
நான் காத்திருந்தேன்.

"அக்கா,
கண்ணாடியக் கொஞ்சம் கீழ பிடிங்கோ,
எனக்கு என்ர மூக்குத் தெரியேல்ல."