ஆறாவது தொடல்

கிரேமவுத்தில் செவ்வாய்க்கிழமை என்றால் மழை.
மழை என்றாலும் ஆட்டம் உண்டு.

டச் ரக்பியில் இடித்துத் தள்ளுவது கிடையாது, இமோஜன்.
தொட்டால் போதும்.
சட்டை நுனி, முழங்கை, பின்னல்,
கையிலிருக்கும் பந்தே ஆனாலும்
தொடல் தொடல்தான்.

உன்னைத் தொட்டுவிட்டார்களா? நில்.
பந்தைக் காலடியில் வை, தாண்டிப் போ,
பின்னால் வருகிறவள் எடுத்துக்கொள்வாள்.
ஆறாவது தடவை பந்து அவர்களுக்கு.
அழக் கூடாது.
நையோ அழுவாள், அது வேறு கதை.

முன்னால் மட்டும் எறியாதே!
ஓடுவது முன்னே, கொடுப்பது பின்னே.
எனக்கே மூன்று வாரம் ஆனது,
முதுகுக்குப் பின்னால்
ஆள் இருக்கும் என்று நம்ப.

இமோஜன் தலையாட்டினாள்.
பள்ளிக்கு வந்து ஒரு மாதம்,
தலையாட்டல் மட்டும்தான்.
முதல் பாதி முழுக்க
நீட்டிய கை நீட்டியபடி இருக்க
ஒருவரையும் தொடாமல் ஓடினாள்,
அடுப்பு சுடுமா என்று பார்ப்பவள் போல.

அப்போதுதான் டீப்பனேவின் நாய் புகுந்தது.
காற்றிறங்கிய பந்தைக் கவ்விக்கொண்டு
ஒரே ஓட்டம்.
பதினொரு பேர் துரத்தினோம், விசிலோடு நடுவரும்.
சேறு. சிரிப்பு. லாக்லனின் ஒரு காலணி.
நாய் கோட்டைத் தாண்டப்போகிறது,
எங்கிருந்தோ இமோஜன்,
நனைந்த வாலில் ஒற்றை விரல்:

"தொட்டேன்!"

இவ்வளவு பெரிய குரலா இவளுக்கு?

நாய் நின்றது.
பந்தைக் காலடியில் வைத்தது.

"இது எத்தனையாவது?" என்றாள் நையோ,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே.