நானூற்றுப் பன்னிரண்டு

கம்பாலாவில் என் வேலை மரம் எண்ணுவது.
பச்சைச் சட்டை, சுத்தியல், ஒரு பை தகடு,
மார்பளவு உயரத்தில் சுற்றளவு பிடிக்க
ஐந்து மீட்டர் நாடா.

சாலை அகலமாகிறது.
எண் இல்லாத மரம் கணக்கில் இல்லை;
கணக்கில் இல்லாததை வெட்டினால்
வெட்டியதாகவே ஆகாது.
எண் போட்டாலும் வெட்டுவார்கள்.
ஆனால் அதற்கு ஒரு படிவம் நிரம்ப வேண்டும்.

ஆணி அடிக்கும்போது, ஊசி போடும் நர்ஸைப் போல
'இதோ ஆச்சு, இதோ ஆச்சு' என்று
வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.
போன செவ்வாய் வரை
நானூற்றுப் பதினோரு முறை சொல்லியிருந்தேன்.

கமோச்சா முக்கில் ஒரு முவூலே மரம்.
அடியில் போடா-போடா நிறுத்தம்:
பதினான்கு மோட்டார் சைக்கிள்,
சவாரி வரும்வரை அவற்றின் மேல் தூங்கும் பதினான்கு பேர்.
நிழல் நகரும், வண்டிகளும் நகரும்.
சீட்டு சுடாத இடம் எதுவென்று
எந்த மணிக்கும் அவர்களுக்குத் தெரியும்.

மேலே மராபு நாரைகள்.
வழுக்கைத் தலை, தொங்கும் தொண்டைப்பை,
வட்டிக்கு விட்டவன் வாசலில் நிற்பதுபோல் நிற்கும்.
குப்பைமேட்டில் தின்றதைக்
கீழே படுத்திருப்பவன் சட்டையில் எழுதும்.
'இந்தச் சனியன்களையும் எண்ணுவீங்களா?'
லுபேகா கேட்டான்.
'படிவத்தில் அதுக்குக் கட்டம் இல்லை' என்றேன்.

தகடு அடித்தேன். இதோ ஆச்சு.
நாடாவைச் சுற்றினேன். எட்டவில்லை.
பிடித்த இடத்தில் விரலை வைத்துவிட்டு மறுபடி சுற்றினேன்;
விரல் எங்கே என்று மறந்துபோனது.

லுபேகா எழுந்து வந்து மரத்தைக் கட்டிக்கொண்டான்.
அவன் விரல்நுனியை ஒகுமு பிடித்தான்,
ஒகுமுவைச் செந்தோங்கோ,
செந்தோங்கோவை, பாதித் தூக்கத்தில், பியாருஹங்கா.
இன்னும் கொஞ்சம் இடைவெளி.
என் கையை மடக்கி வைத்தேன். ஒரு முழம்.
சரியாக இருந்தது.

நடந்தது அவ்வளவுதான். அளவெடுத்தோம்.

டாக்ஸியில் போனவர்கள் பார்த்தது வேறு.
ஒருத்தி செல்போனைத் தூக்கினாள்.
வறுத்த வெட்டுக்கிளி விற்பவள் கூடையை இறக்கிவிட்டு
என்ன ஏது என்று கேட்காமல்
என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.
வெள்ளை ஜீப் நின்றது.
பொறியாளர் பியாமுகாமா, கையில் வரைபடம்.
'யார் தலைவர்? என்ன கோரிக்கை?'

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
பட்டையில் ஒட்டிய கன்னத்தால் முடிந்தவரை.
கோரிக்கை என்று ஒன்று இருக்கலாம் என்பது
அவர் கேட்கும்வரை
யாருக்கும் தோன்றவில்லை.
லுபேகா கையை விடப் போனான்.
ஒகுமு விடவில்லை.

மேலிருந்து ஒரு நாரை தன் கருத்தைச் சொன்னது.
வரைபடத்தில் நாலாவது வழித்தடம் வெள்ளையானது.
யாரும் சிரிக்கவில்லை என்று எழுதினால்
அது பொய்.

அவர் போனார். திரும்பி வருவார்,
அல்லது வேறொருவர், ரம்பத்தோடு.
இது எனக்குத் தெரியும், ஒகுமுவுக்கும் தெரியும்.

படிவத்தில் எழுதினேன்:
எண் 412. முவூலே. சுற்றளவு:
நாலு ஆள், ஒரு முழம்.

அலுவலகம் திருப்பி அனுப்பியது,
ஓரத்தில் சிவப்பு மையில்:
சென்டிமீட்டரில் எழுதவும்.
நிரம்பாத படிவம் மேலே போகாது.

நகாசெரோ சந்தையில் பத்து மீட்டர் நாடா இருக்கிறது.
போன வாரம் விலை கேட்டேன்.
இந்த வாரமும் கேட்டேன்.