திருகாணி அளவு

கூக்கால் தாண்டி,
ஜீப்புகள் உழுதுபோட்ட மண்தடத்தில்
ஏறிக்கொண்டிருந்த வண்டி
திடீரென்று லேசாகிவிட்டது.
எஞ்சின் கத்துகிறது, சக்கரம் கேட்கவில்லை.
திரும்பினால், பத்தடி பின்னால்
சேற்றில் செத்த சாரையாய்ச் செயின்.

கண்ணி கிடைத்தது. அதன் தகடும் கிடைத்தது.
இரண்டையும் பிடித்துவைக்கும் கிளிப்பைக் காணோம்.
டியூப், பிளக், இரண்டு கேபிள்,
தலைவலி மாத்திரைகூட வைத்திருந்தேன் பையில்.
இது ஒன்று இல்லை.
செல்போனில் ஒரு கோடும் இல்லை.
சீகைக்காட்டுக்குள்ளிருந்து மேகம்
ஆள் நடப்பதுபோல் நடந்து வந்தது.

"யாருப்பா அது,
ரோட்டுல உருளக்கெழங்கு நோண்டுறது?"

மூன்று பெண்கள். பூண்டுக்காட்டு வேலை முடித்து
உரச்சாக்கைக் கொங்காணி போட்டு
இறங்கி வருகிறார்கள்.
சொன்னேன். புரியாதென்று நினைத்து
கட்டைவிரல் நகத்தைக் காட்டியும் சொன்னேன்.

"மூக்குத்தித் திருகாணி மாதிரியா?"
"அதைவிடக் கொஞ்சம் பெரிசு."
"அப்ப ஆப்புட்டுரும்.
நீ நின்ன எடத்துலயே நில்லு,
மிதிச்சுப் பொதைச்சிராத."

என் வண்டி, என் கிளிப்.
ஒற்றைக்காலைத் தூக்கியபடி நான் நிற்க
அவர்கள் குத்தவைத்துத்
தடத்தைப் பாத்தி பாத்தியாய்ப் பிரித்துக்கொண்டார்கள்.
காலையிலிருந்து ஈரமண்ணில் பூண்டு கிளப்பிய விரல்கள்,
நகக்கண் எல்லாம் கறுப்பு.
ஒருத்தி சேற்றை அள்ளித் தூக்குவாளி மூடியில் போட்டு
குடிக்கிற தண்ணீரை ஊற்றி அலசினாள்.
எந்த ஊர், என்ன ஆளுக,
இந்த வழியில் உனக்கென்ன சோலி
எதுவும் கேட்கவில்லை.
மேஸ்திரி இருபது ரூபாய் பிடித்ததைத்தான்
விடாமல் பேசினார்கள்.

நடுவில் எங்கோ கீழே, மேகத்துக்குள்
ஒரு ஹாரன். நீளமாக, இரண்டு தடவை.
ஆறு கைகளும் நின்றன.
ஒருத்தி ஒருத்தியைப் பார்த்தாள்.
பிறகு மறுபடி மண்.
எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ராஜகிளி என்கிறவளுக்குத்தான் அகப்பட்டது.
வாயில் போட்டு, மண்ணைத் துப்பி,
உள்ளங்கையில் எடுத்து நீட்டினாள்.
"இதுவா பாரு."
பூண்டு வாசம். அதுதான்.

குறடால் அழுத்தி மாட்டிவிட்டுப்
பர்ஸை எடுத்தேன்.
"உள்ள வைப்பா."

பஸ் எத்தனை மணிக்கு என்று
சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டேன்.
"அதுதான் அப்பயே ஹாரன் அடிச்சுட்டுப் போயிருச்சே."
மழை நின்றுவிட்டது என்பதைப்போலச் சொன்னாள் பவளக்கொடி.
ஊருக்கு ஐந்து கிலோமீட்டர். இருட்டு விழுந்துவிட்டது.

ஒருவரையாவது ஏற்றிக்கொள்கிறேன் என்றேன்.
"ஒருத்திய ஏத்திட்டுப் போயிட்டா
மீதி ரெண்டு பேரும்
யாருகிட்ட இவ கதையப் பேசுறது?"
சிரிப்பு. கொங்காணிக்குள்ளிருந்து மூன்று சிரிப்பு.

முதல் கியரில், இரு காலும் தரையில் உரச,
பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன்.
என்னிடம் கொடுக்க இருந்தது ஹெட்லைட் ஒன்றுதான்.
அதற்கும் திட்டு வாங்கினேன்:
"கீழ எறக்கு வெளிச்சத்த, கண்ணு கூசுது.
காட்டுமாடு நின்னா அமத்திரு."
மேகத்தின் மேல் அவர்கள் நிழல்
பனைமர உயரத்துக்கு எழுந்து எழுந்து நடந்தது.
கிளட்ச் கருகும் நாற்றம். நிறுத்தவில்லை.

ஒரு வளைவில் குறுக்குப்பாதை,
வண்டி இறங்காத சரிவு.
"இனி நீ போ" என்று இறங்கிவிட்டார்கள்.
விளக்கை அந்தப் பக்கம் திருப்பினேன்.
முதல் நாலு மரம் தெரிந்தது.
அதற்கப்புறம் அந்த இருபது ரூபாய்,
விட்ட இடத்திலிருந்து,
தூரமாகிக்கொண்டே போனது.

மறுநாள் வத்தலக்குண்டில் மெக்கானிக் சொன்னார்:
"இது நெளிஞ்சிருக்கு சார், மாத்திருங்க."
புதுசு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
பழையதைக் குனிந்து பார்த்தேன்,
பல் பட்ட தடம் ஏதும் இருக்கிறதா என்று.
இல்லை.
கிரீஸ்தான் இருந்தது.